யானிக் வெளுத்த வாரம்

யானிக்குக்குப் பேதி நின்ற அன்று வீட்டில் கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்கள். அதற்கு முன் நாலைந்து நாளாக அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நாலு வயது முடியாத பிள்ளை முதலில் தண்ணீராகப் போய், பிறகு சளியும் ரத்தமுமாகப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு அழுததைப் பார்த்தால் யாருக்குத்தான் இறங்கும்? மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம், வீட்டு வேலைக்கு வரும் காசியம்மா காய்ச்சிக் கொடுத்த மாதுளந்தோல் கஷாயம் ஒரு பக்கம். எது கேட்டதோ, நின்றுவிட்டது. அவன் அம்மா ஜோசெஃபினுக்கு அப்பாடா என்றிருந்தது. மீனை அலசி மஞ்சள் தடவும்போது வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது.

ரத்தம் கண்ட அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். மாமனார் ஓகுஸ்தேன் கேட்கவில்லை. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஆப்பிரிக்காவில் வெயிலில் கிடந்தபோது ஒரு கூடாரமே ரத்தபேதியில் படுத்துக்கொண்டதையும், வெறும் அரிசிக் கஞ்சியில் எல்லாரும் எழுந்து நின்றதையும் அவர் சொல்லாத ஆள் காரைக்காலில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் படுக்கப் போட்டால் பிள்ளை இன்னும் இளைப்பான், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற நேரத்தில் எலும்பும் தோலுமாக நிற்பான் என்றார். அதற்கு மேல் எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

வாய் வராததற்குக் காரணம் உண்டு. அவள் திருமலைராயன்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்தவரின் மகள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்றதும் தெருவே மூக்கில் விரல் வைத்தது. கணவன் தமியேனுக்குப் பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் வருவான், மற்ற நாளெல்லாம் செல்போனில்தான் குடும்பம். பையன் ஏன் இளைத்திருக்கிறான், ஏன் மூக்கு ஒழுகுகிறது, ஏன் வெயிலில் விட்டாய், ஏன் கறுத்துப் போனான் என்று ஒவ்வொரு ராத்திரியும் கேள்வி வரும். அவளுக்கு ஃபோனை எடுப்பதென்றால் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி. பிள்ளையை நல்லா வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? மனுஷன் இதுவரை சொன்னதில்லை.

வருகிற செப்டம்பரில் யானிக்கை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. பாஸ்போர்ட்டுக்காகப் புதுச்சேரி தூதரகத்தில் 'ரான்தேவு' கேட்டிருந்தார்கள். நேரம் குறித்துக் கொடுப்பதை அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். மாதக்கணக்கில் காத்து, திங்கட்கிழமைக்குக் கிடைத்திருந்தது. ஆனால் ஒரு சங்கடம். ஜட்டி நனைக்கிற பிள்ளையை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்களாம். சுத்தமாக இருக்கப் பழகிவிட்டானா என்பதுதான் முதல் கேள்வியாம். யானிக்கோ ராத்திரி தவறாமல் பாயை நனைக்கிறவன், பகலிலும் விளையாட்டு மும்முரத்தில் நின்ற இடத்திலேயே விட்டுவிடுவான். விடிந்ததும் பாயை அலசி, போர்வையைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போடுவதுதான் காசியம்மாவின் முதல் வேலை. இதற்காகத் தமியேன் ஃபோனில் ஜோசெஃபினைக் கடிந்துகொள்ளாத வாரம் கிடையாது.

பேதி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பழைய பட்டாளத்துக்காரர்களெல்லாம் கோட்டு மாட்டி மெடல் குத்திக்கொண்டு நினைவுத் தூணுக்கு மாலை போடுவார்கள். ஓகுஸ்தேன் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அங்கே வாசலில் விற்ற ஐஸ்தான் காரணம் என்றாள் காசியம்மா. ஆடிக் காற்றில் பறந்த மண் என்றார் எதிர்வீட்டுக்காரர். அன்று மத்தியானம் வீட்டில் நடந்த விருந்தை யாரும் சொல்லவில்லை. ஓகுஸ்தேன் மார்க்கெட்டிலிருந்து மாட்டுக்கறி வாங்கி வந்து, பிரான்சிலிருந்து கொண்டுவந்த கை மிஷினில் தானே அரைத்து, வடை மாதிரி தட்டி, சட்டியில் வெண்ணெய் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுத்தார். வெளியில் கருகல், உள்ளே ரோஜா நிறம். ஜோசெஃபின் தன் பங்கைத் திரும்பவும் சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டாள். அவர் சிரித்தார், நம்ம ஊரில் கறியைச் செருப்பாக்கித்தான் தின்போம் என்று கேலி செய்தார். பேரன் அங்கே போய் இதைத்தானே தின்னப் போகிறான், இப்போதே நாக்கு பழகட்டும் என்று ரத்தம் கசிகிற நடுப்பாகத்தைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினார். பிள்ளையும் ஆவலாகத் தின்றது.

பேதி நின்ற மறுநாள் காலையில் காசியம்மா பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். பாய் காய்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. கொல்லைக் கொடி வெறுமனே காற்றில் ஆடியது.

"ஏங்கண்ணு, ஒம்மவன் பெரிய மனுசனாயிட்டான் போல. எனக்கு வேலையில்லாமப் பண்ணிட்டானே" என்றாள் காசியம்மா.

ஜோசெஃபினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சமாதானமாகவும் ஒரு கணக்கு இருந்தது: உடம்பில் இருந்த தண்ணியெல்லாம் பேதியில் போய்விட்டது, அப்புறம் ஒன்றுக்கு எங்கிருந்து வரும்? அன்று ராத்திரி தமியேனிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான், நிஜமாகவா, நிஜமாகவா என்று. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே இருந்தால் பள்ளிக்கூடத்துக்குத் தைரியமாகச் சொல்லிவிடலாம் என்றான். ஓகுஸ்தேன் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் திறந்தார்.

அதற்கப்புறம் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் வாயிலெல்லாம் ஒரே பேச்சு. என்னமா வெளுத்திருக்கான். பிரான்சுக்குப் போவதற்கு முன்னாலேயே வெள்ளைக்காரனாகிவிட்டான். எதிர்வீட்டுக்காரி இவனுக்கு என்ன சோப்பு போடுகிறாய் என்று கேட்டே விட்டாள். முகமும் உப்பி வந்தது. ஒட்டிப்போயிருந்த கன்னம் இப்போது குண்டாகிக் கண்ணைச் சின்னதாக்கியது. கஞ்சியும் ஆட்டுக்கால் சூப்பும் வேலை செய்கிறது என்று ஓகுஸ்தேன் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நம்ம சனங்களுக்குக் கறுப்பு போய்விட்டது என்றால் போதும், எது போனால் என்ன?

ஜோசெஃபின் சந்தோஷமாக இருந்தாள், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ நெருடியது. இத்தனை தேறிய பிள்ளை ஏன் விளையாடவில்லை? அரசலாற்றில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது, வா பார்க்கலாம் என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஊட்டிய சோற்றை வாந்தி எடுத்தான். கணுக்காலில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன, கொசு என்று நினைத்து எண்ணெய் தடவினாள். முழங்கைக்கு மேலே ஒரு கன்றல், எங்கேயும் விழுந்ததாக ஞாபகம் இல்லை. ஒருமுறை மத்தியானம் அவனை நிறுத்தி வைத்து உஸ் உஸ் என்று சொல்லிப் பார்த்தாள். வெகுநேரம் நின்று ஒரு கரண்டி அளவு வந்தது, கடுங்காப்பி நிறத்தில். சூடு என்று இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மாமனாரிடம் சொன்னதற்கு, வெயில் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான், தனக்கும் அப்படித்தான் என்றார்.

சனிக்கிழமை காலை போட்டோ எடுக்கக் கிளம்பினார்கள். ஆடிக் காற்று தெருவில் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. யானிக்குக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் பித்தான் பூட்டப் போனால் கழுத்துப் பித்தான் எட்டவில்லை. தைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓகுஸ்தேன் அதற்கும் சிரித்தார். ஆட்டோவில் பிள்ளை அவள் மடியிலேயே தூங்கிவிட்டான்.

ஸ்டூடியோக்காரர் ஃபயாஸ் அந்தக் குடும்பத்துக்குத் தலைமுறையாகப் படம் எடுத்துக் கொடுக்கிறவர். பிரெஞ்சுக்காரர்கள் படத்துக்கு என்னென்ன விதி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. சிரிக்கக் கூடாது, காது தெரிய வேண்டும், கண் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். யானிக்கை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள், பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் நின்று ஓகுஸ்தேன் முதுகைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திற, கண்ணைத் திற என்று ஃபயாஸ் கிலுகிலுப்பை ஆட்டினார், விரலைச் சொடுக்கினார், செல்போனில் பாட்டு போட்டார். பிள்ளை இமையைத் தூக்கப் பார்க்கிறான், இமை வரவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. உடனே ஃபயாஸ் அதை ஓகுஸ்தேன் செல்லுக்கு அனுப்பினார், கிழவர் அங்கே நின்றபடியே மகனுக்குத் தட்டிவிட்டார்.

ஃபயாஸ் படத்தைப் பெரிய கம்ப்யூட்டர் திரையில் போட்டு, நிறம் சரிபண்ணுவதற்காகப் பெரிதாக்கினார். ஓரத்தில் போன வருஷம் யானிக்கை எடுத்த படத்தையும் திறந்து வைத்திருந்தார். வழக்கமாகக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுவேன், இந்தத் தடவை பையனுக்கு நான் ஒன்றுமே பண்ண வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னார்.

ஜோசெஃபின் திரையைப் பார்த்தாள். வீட்டில் ஒவ்வொரு நாளும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்த முகம்தான். ஆனால் ஒரு முழம் உயரத்துக்குப் பெரிதாகி, அசையாமல், பழைய முகத்துக்குப் பக்கத்தில் நின்றபோது அவள் திரையை நெருங்கிப் போனாள். அது வெள்ளை நிறமில்லை. ஊறப்போட்ட துணியின் நிறம். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசமே இல்லை. கன்னம் சதை போட்டிருக்கவில்லை, தண்ணி கோத்திருந்தது. கழுத்தோரம் அந்தச் சிவப்புப் புள்ளிகள், கணுக்காலில் கடித்த அதே கொசு கழுத்திலுமா கடிக்கும்?

பிள்ளையை ஸ்டூலிலிருந்து வாரி எடுத்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

"இப்ப என்னாம்மா ஆச்சு? தூக்கத்துல இருக்கான். திங்கக்கெழம புதுச்சேரிக்குத்தான போறோம், ரான்தேவு முடிச்சிட்டு அங்கயே பெரிய டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடலாம். இங்க காட்டுனா பெட்டுல போட்டுடுவாங்க. இந்த ரான்தேவ வுட்டா அடுத்தது எப்பங்கறது தெய்வத்துக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் போயிடும்."

"போகட்டும் மாமா."

"தமியேனுக்கு என்னா பதில் சொல்லுவ?"

"புள்ள இருந்தாத்தான மாமா பதில் சொல்றதுக்கு. எங்கையில கெடக்குறது உங்களுக்குத் தெரியலயா? கழுத்து நிக்கல. ரத்தம் போன அன்னைக்கே சொன்னேன், நீங்க பட்டாளத்துக் கத சொன்னீங்க. நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே நான் இருக்க மாட்டேன்."

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மாமனாரிடம் அவள் இத்தனை நீளமாகப் பேசியதில்லை. அவள் தெருவில் இறங்கி ஆட்டோவை மறித்தாள். ஆட்டோ கிளம்பும்போதுதான் அவர் ஓடிவந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

ஆஸ்பத்திரியில் அன்று குழந்தைகள் பிரிவில் இருந்தது டாக்டர் ஷஃபீனா. சின்ன வயசு, சத்தமில்லாத குரல். பிள்ளையைப் பார்த்ததுமே வரிசையில் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லிக் கட்டிலில் கிடத்தச் சொன்னார். இமையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், சட்டையைக் கழற்றிப் புள்ளிகளையும் கன்றலையும் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார், அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. சின்னப் பட்டியைக் கையில் கட்டிப் பிரஷர் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார், நர்ஸ் நடக்காமல் ஓடினாள்.

வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது, நின்றுவிட்டது என்றாள் ஜோசெஃபின். ரத்தம் போனதா என்றார். போனது. கடைசியாக எப்போது நன்றாக ஒன்றுக்குப் போனான் என்று கேட்டார்.

ஜோசெஃபின் வாயைத் திறந்தாள். காய்ந்த பாயும், வெறும் கொடியும், ஃபோனில் சிரித்துக்கொண்டே அதைச் சொன்ன தன் குரலும் ஞாபகம் வந்தன.

"போகலீங்க. பேதி நின்னதுலேர்ந்து சரியாவே போகலீங்க. பாய நனைக்காம இருக்கான்னு நாங்க... நல்லதுன்னு நெனச்சோம் டாக்டர்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"பேதி நின்னதும் நோய் போயிடுச்சுன்னு நெனச்சிருக்கீங்கம்மா. அது போகல, எடம் மாறிடுச்சு. வயித்துக்குள்ள போன கிருமி ஒரு விஷத்த விட்டுருக்கு, அது ரத்தத்துல கலந்திருக்கு. ரத்தத்துல இருக்குற செவப்பு அணுவெல்லாம் ஒடஞ்சு துண்டு துண்டாக் கெடக்கு, அதான் இவ்ளோ வெளுப்பு. ரத்தத்த ஒறைய வெக்கிற அணு கொறஞ்சு போச்சு, அதான் புள்ளி, கன்றல். கிட்னி வேல செய்யல, அதான் மூத்திரம் இல்ல, மூஞ்சி வீக்கம். மூணும் சேந்து வந்தா நாங்க வேற எதையும் யோசிக்கறதில்ல. புதுச்சேரிக்கு ஒடனே அனுப்புறேன். டயாலிசிஸ் வேண்டியிருக்கும், ரத்தமும் ஏத்துவாங்க."

"பொழச்சுக்குவானா?" ஓகுஸ்தேன் கேட்டார். குரல் அவருடையதாக இல்லை.

"நெறைய புள்ளைங்களுக்குக் கிட்னி திரும்பி வந்துடுங்க ஐயா. சிலதுக்கு வர்றதில்ல. மூளையப் புடிச்சா வலிப்பு வரும், அதுக்கு முன்னாடி போய்ச் சேரணும். வெளிய ஏதாவது சாப்புட்டானா? சரியா வேகாத கறி, பச்சப் பால், அந்த மாதிரி?"

ஓகுஸ்தேன் தன் கைகளைப் பார்த்தார். ஜோசெஃபினுக்கு அந்தக் கை அரைத்ததும், தட்டியதும், கிள்ளி ஊட்டியதும் கண்முன்னால் வந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவரே சொன்னார். பதினாலாம் தேதி, கறி, நடுவில் சிவப்பு, என் கையால் கொடுத்தேன் என்று துண்டு துண்டாகச் சொன்னார். அதுவாகத்தான் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம், உங்களில் வேறு யாருக்காவது வயிறு சரியில்லையென்றால் சொல்லுங்கள் என்று மட்டும் டாக்டர் சொல்லிவிட்டுச் சீட்டு எழுதப் போனார். கிழவர் சுவரோடு ஒண்டி நின்றார். ஜோசெஃபினுக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அதே நேரம் அழுகையும் வந்தது. எதையும் செய்ய நேரமில்லை, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

தரங்கம்பாடி தாண்டும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஓகுஸ்தேன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளை, நர்ஸ், ஜோசெஃபின். மூத்திரத்துக்காகப் போட்ட குழாயின் முனையில் பை வெறுமையாகத் தொங்கியது, அடியில் மட்டும் கொஞ்சம் கருஞ்சிவப்பு. சீர்காழிக்கு முன்னால் யானிக்கின் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. நர்ஸ் ஊசி போட்டாள். கை அடங்கியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஜோசெஃபின் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள், அந்த முகத்தில் ஏதாவது எழுதியிருக்குமா என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து தமியேனைக் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். கிடங்கில் வேலை நேரத்தில் ஃபோனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அடித்து அடித்து ஓய்ந்தது. கொள்ளிடம் பாலத்தின் மேல் போகும்போது செல் அதிர்ந்தது. அவன்தான், குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் தட்டுச் சத்தமும் ஆட்கள் சிரிப்பும் கேட்டது. அவசரத்தில் அவள் அழைப்புகளைக் கவனிக்காமல் படத்தை மட்டும் பார்த்திருக்கிறான்.

"ஜோசெஃபின், அப்பா அனுப்புன போட்டோ பாத்தேன். என்னா கலரு, என்னா மூஞ்சி! இங்க எல்லார்ட்டயும் காட்டிட்டேன், இது இந்தியாவுல இருக்குற புள்ளையான்னு கேக்குறானுங்க. நான் உன்னய எவ்வளவோ சொல்லியிருக்கேன், மனசுல வச்சுக்காத. புள்ளைய நல்லா வச்சிருக்க. ரொம்ப நல்லா வச்சிருக்க."

நாலு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. ஜோசெஃபின் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் ஓடியது. நர்ஸ் பையனின் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

ஜோசெஃபின் பதிவு செய்கிற இடத்தில் கட்டைவிரலை அழுத்தினாள்.

"என்னாங்க, அந்தப் போட்டோவ இனிமே யாருக்கும் காட்டாதீங்க. புள்ள வெளுக்கல, அவன் ரத்தம் ஒடஞ்சு போச்சு. சதை போடல, கிட்னி நின்னு போயி ஒடம்பெல்லாம் தண்ணி. பாய நனைக்கலன்னு சிரிச்சிக்கிட்டுச் சொன்னேன்ல, அது மூத்திரமே இல்லாததுங்க. எல்லாத்தையும் நான்தான் உங்களுக்கு நல்ல சேதியாச் சொன்னேன். ஆம்புலன்ஸ்ல இருக்கோம், புதுச்சேரிக்குப் போறோம். ரான்தேவுக்கு இல்லீங்க. நீங்க கெளம்பி வாங்க."

விரலை எடுத்தாள். செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவை நீலமாயின. தமியேன் கேட்டுவிட்டான். ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு, நர்ஸ் சொன்னபடி பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.